மத்தியாஸ் கிராணியின் பந்துப் பை

1947ஆம் ஆண்டின் ஐப்பசி அடைமழையில்தான் அகதா மத்தியாஸை முதன்முதலாகக் கண்டாள். ஈஜோக் சாலையோரத்து வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தவள், வாசலில் மிதிவண்டி சாயும் ஓசை கேட்டு நிமிர்ந்தாள். நான்கு கட்டை, அதாவது நான்கு மைல் தூரம் மழையில் வந்திருந்த அந்த மனிதரின் தலையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மார்போடு அணைத்திருந்த பொட்டலத்தில் மட்டும் ஈரம் இல்லை. அதை அவர் ரப்பர் ஷீட்டில் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார். உள்ளே இருந்தது, கோதுமை மாவுச் சாக்கைப் பிரித்து வெளுத்த துணி. பதினொரு சட்டைக்குப் போதும்.

"பதினொண்ணுக்கும் ஒரே அளவா?" என்று அகதா கேட்டாள்.

"ஒரே அளவுதாங்க. சப்பான்காரன் எங்க எல்லாரையும் பட்டினி போட்டு ஒரே அளவாக்கி வச்சிட்டுத்தான போயிருக்கான்."

அகதா சிரித்துவிட்டாள். உள்ளறையில் படுத்திருந்த அவளுடைய தந்தை ராஃபேல் உரக்கக் கனைத்தார்.

மத்தியாஸ் அப்போது முப்பத்திரண்டு வயது நிரம்பியும் மணமாகாதவர். ஆற்றங்கரை ரப்பர் தோட்டத்தின் சின்னக் கிராணி, அதாவது இளநிலை எழுத்தர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதும், பிறகு அலுவலகத்தில் அமர்ந்து எழுதுவதும் அவருடைய வேலை. கிராணிமார் தனி வீடுகளில் வாழ்ந்தார்கள். காரியம் இல்லாமல், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் போகமாட்டார்கள். இவரோ மாலை நான்கு மணிக்குச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பால் எடுக்க மரம் வெட்டுகிறவர்களோடு வெறுங்காலில் பந்து விளையாடினார். தோட்டத்து இளைஞர்கள் முந்திய ஆண்டு தொடங்கிய வாலிபர் சங்கத்திற்கு ஒரு பந்தாட்டக் குழு இருந்தது. மத்தியாஸ் சங்கத்தில் சேரவில்லை. ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவரே என்பதால், பந்தாட்டக் குழுவுக்கு மட்டும் செயலாளராக இருந்தார்.

சட்டைகளோடு ஒரு பையும் வந்தது. பட்டாளத்தார் விட்டுச்சென்ற முரட்டுக் கித்தான் துணியில் செய்த அந்தப் பையில்தான் பந்து இருக்கும். சட்டைகளின் மார்பில் சங்கத்தின் பெயரைத் தைத்த அகதா, பையின் மேல் சிவப்பு நூலால் சங்கிலித் தையலை இரட்டையாக ஓட்டி, 'ஆற்றங்கரை வாலிபர் சங்கம்' என்று இரு விரல் அகல எழுத்துகளில் தைத்தாள். வாங்க வந்தபோது மத்தியாஸ் அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"நாங்க செத்தாலும் இது பிரியாது போலிருக்கே," என்றார்.

மறு ஆண்டு உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு அவர்களுக்குத் திருமணம் நடந்தது. மூன்று மாதம்கூட நிறையவில்லை. காட்டுக்குள்ளிருந்து துப்பாக்கி தூக்கிய கம்யூனிஸ்டுகளை ஒடுக்க, வெள்ளைக்கார அரசாங்கம் நாட்டில் அவசரகாலத்தை அறிவித்தது.

அந்த ஆனி மாதத்தில் தோட்டம் தன் பேச்சை இழந்தது. தொழிற்சங்கங்களின் பதிவு ரத்தாயிற்று. வாலிபர் சங்கத்தின் கொட்டகைக்குப் போலீசார் சீல் வைத்தார்கள். சங்கத் தலைவன் அதற்கு முந்திய வாரமே காட்டுக்குள் போய்விட்டான் என்று சிலர் கூறினர். பினாங்குக்குப் போனான் என்று சிலர் கூறினர். அவன் கிடைக்காததால், சங்க ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போனவர்களை வண்டியில் ஏற்றினார்கள். அவர்களுள் ஒருவன் செல்லன், குழுவின் கோல்கீப்பர். எட்டு மாதம் கழித்து அவனை வெளியே விட்டபோது, இன்னொரு முறை பிடிபட்டால் விசாரணையே இல்லை, கப்பலேற்றி நாகப்பட்டினத்தில் இறக்கிவிடுவோம் என்று எச்சரித்து அனுப்பினார்கள். செல்லன் நாகப்பட்டினத்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. பிறந்ததும் வளர்ந்ததும் அந்த லயத்தில்தான். தந்தையைப் புதைத்ததும் அதே மண்ணில்தான். கப்பல் அவனைக் கொண்டுபோனால், அவனுடைய தாய் சின்னத்தாய்க்கு உலகத்தில் வேறு துணை இல்லை.

இதற்கிடையே மத்தியாஸ் துரையிடம் போய், பையன்கள் பந்து விளையாடவாவது அனுமதி தரவேண்டும் என்று கேட்டிருந்தார். துரை இரண்டு நிபந்தனைகள் விதித்தார். குழுவின் பெயர் 'ஆற்றங்கரைத் தோட்ட விளையாட்டு மன்றம்' என்று மாறவேண்டும். பழைய பெயர் தாங்கிய எதுவும் தோட்டத்தில் இருக்கக்கூடாது.

"அகதா, சட்டையில உள்ள பேரெல்லாம் பிரிச்சிடு," என்று மத்தியாஸ் வீட்டுக்கு வந்ததும் சொன்னார். "பையில உள்ளதையும் ஒரு நூல் விடாம பிரிச்சிடு. பேரு இருந்தா வம்பு."

சட்டைகளில் இருந்த பெயர் எளிதாகப் பிரிந்து வந்தது. பையில் முதல் எழுத்தைப் பிரிக்கும்போதே கித்தான் கிழிந்தது. அவ்வளவு இறுக்கமாகத் தைத்திருந்தாள். பையே போய்விட்டால் வேறு பைக்கு எங்கே போவது? ஒரு காக்கித் துண்டை வெட்டி, பழைய பெயரை முழுதாக மூடி ஒட்டுப் போட்டு, அதன்மேல் புதிய பெயரைத் தைத்தாள். கேட்டால் சொல்லலாம் என்றிருந்தாள். மத்தியாஸ் கேட்கவில்லை.

1951ஆம் ஆண்டில் அரசாங்கம் சிறு தோட்டங்களைக் கலைத்துப் பெரிய தோட்டங்களோடு சேர்த்தது. இரண்டு கட்டை தள்ளியிருந்த மேட்டுத் தோட்டத்தின் லயங்களைப் பலகை பலகையாகப் பிரித்து லோரியில் ஏற்றி வந்து, ஆற்றங்கரையில் நட்டார்கள். சுற்றிலும் இரட்டை முள்கம்பி வேலி. ஒரே ஒரு கேட்டு. அதில் எஸ்.சி. எனப்பட்ட சிறப்புக் காவலர்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். வேலைக்குப் போகும்போதும் ஒருவர் விடாமல் சோதித்தார்கள். ஒரு பிடி அரிசிகூட வேலியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் காட்டிலிருப்பவர்களுக்குக் கொண்டுபோவதாகவே கருதப்படும். அந்த உத்தரவை வாரந்தோறும் பெரட்டில் தமிழில் வாசித்தவர் மத்தியாஸ்.

மேட்டுத் தோட்டத்தாரும் ஒரு பந்தாட்டக் குழு வைத்திருந்தார்கள். இரு குழுக்களும் ஐந்து ஆண்டுகளாகப் பரம்பரைப் பகையாளிகளைப்போல் மோதியவை. இப்போது ஒரே வேலி, ஒரே திடல். ஒரே குழுவுக்குத்தான் அனுமதி என்று துரை சொல்லிவிட்டார். மேட்டுத் தோட்டத்தில் வேலையை மேற்பார்த்த மண்டோரும் அதன் குழுவின் கேப்டனுமான காளியண்ணன், பெரட்டுக் களத்திலேயே சண்டைக்கு நின்றார்.

"கிராணியாரே, ஒங்க பேர முன்னால போட்டு எங்க பேர பின்னால போட்டா, நாங்க என்ன கோல் போஸ்டுக்குப் பின்னால நின்னு பந்து பொறுக்கவா?"

"சரி மண்டோரே, ஒங்க பேரையே முன்னால போட்டுருவோம்," என்றார் மத்தியாஸ்.

"அப்ப நான் ஆடல லா," என்றான் செல்லன். "நாப்பத்தேழுல நாலு கோல் வாங்குனவன் பேரு முன்னாலயா?"

"மழையிலடா அது! முட்டியளவு தண்ணியில நீங்க பந்தா ஆடுனீங்க? மீன் புடிச்சீங்க!"

"நாங்க மீன் புடிச்சோம். நீங்க என்னத்தப் புடிச்சீங்க, மண்டோரே? சளிதான புடிச்சீங்க?"

களமே சிரித்தது. காளியண்ணனும் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 'ஐக்கியக் குழு' என்று வைக்கலாம் என்று மத்தியாஸ் எழுதிக்கொடுத்தார். அந்தச் சொல்லில் சங்க வாடை வீசுவதாகப் போலீஸ் அதிகாரி அதை அடித்துவிட்டார். முடிவில் துரையே ஒரு பெயரைச் சூட்டினார்: 'நார்த் ரோவர்ஸ்'.

"ரோவர்ஸ்னா என்னா அர்த்தம்?" என்று காளியண்ணன் கேட்டார்.

"ஊர் சுத்துறவங்க," என்றார் மத்தியாஸ்.

காளியண்ணன் கேட்டையும், துப்பாக்கியையும், முள்கம்பியையும் ஒருமுறை பார்த்தார். "கக்கூசுக்குப் போறதுக்கே ஆறு மணிக்கு மேல அனுமதி வேணும். பேரு ஊர் சுத்துறவனாம்!"

அகதா காக்கி ஒட்டின்மேல் ஒரு நீலத் துண்டை வைத்து மூன்றாவது பெயரைத் தைத்தாள். பை அந்த இடத்தில் அட்டையைப்போல் தடித்துப்போயிற்று.

பகையாளிகள் ஒன்றாக ஆடினால் எப்படி இருக்கும் என்பதை அடுத்த ஆண்டு வட்டாரமே கண்டது. மாவட்டப் போட்டியின் மூன்றாம் பிரிவில், அதாவது ஆகக் கடைசிப் பிரிவில், நார்த் ரோவர்ஸ் ஏழு ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை. எட்டாவது ஆட்டம் கோலசிலாங்கூர் பட்டணத் திடலில், சாப்பாட்டுக் கடைக்காரர் மீரா முகைதீன் நடத்திய பாசார் ஸ்டார் குழுவோடு. அந்த நாள் சரஸ்வதி பூசைக்கு மறுநாளாக அமைந்தது.

தோட்டத்தில் சரஸ்வதி பூசையன்று மரம் வெட்டும் கத்தி, பால் வாளி, அதைச் சுமக்கும் காண்டாக் கம்பு, மண்வெட்டி எல்லாம் கோவிலில் படைக்கப்படும். குழு தொடங்கிய ஆண்டிலிருந்து பந்தும் அவற்றோடு இருக்கும். சந்தனம் தொட்டு, பொட்டு வைத்து, பூச் சுற்றுவார்கள். அதன் முன்னால் வைக்கும் அவலும் பொரியும் பந்தோடுதான் போகவேண்டும் என்பது வழக்கம். மறுநாள் ஆடப்போகிற திடலில், பாதி ஆட்டம் முடிந்தபின், பதினொருவரும் அதில் ஆளுக்கு ஒரு பிடி உண்பார்கள். முந்திய ஆண்டு பூசையின்போது வெளியாட்டம் எதுவும் இல்லாததால், அந்த அவல் வேலிக்கு உள்ளேயே தின்று தீர்ந்தது. ஆகவே, அவலும் அரிசித் தடைக்குள் வரும் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

"பந்துக்கு எதுக்குங்க சந்தனம்?" என்று அகதா முதல் நாள் மாலை கேட்டாள்.

"பந்து எல்லாருக்கும் பொது, அகதா. வேணும்னா நீ ஒரு செபம் சொல்லு. எதிர்த்தாப்ல முஸ்லிம் டீமு. அவங்களும் ஓதிட்டுத்தான் வருவாங்க."

மறுநாள் பகல் இரண்டு மணிக்கு லோரி கேட்டருகே நின்றது. தேய்த்த சட்டைகளை எடுத்துக்கொண்டு அகதா வந்தபோது, பாதித் தோட்டம் வழியனுப்பக் கூடியிருந்தது. எஸ்.சி.கள் ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்து லோரியில் ஏற்றினார்கள். அன்று பார்த்து ஜீப்பில் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் ஒருவரும் வந்திருந்தார். மாவட்டத்துக்குப் புதியவர், இளவயது, கழுத்து வெயிலில் சிவந்திருந்தது.

பந்துப் பையைச் சுமப்பது கோல்கீப்பரின் உரிமை. செல்லன் அதைத் தோளிலிருந்து இறக்கி வைத்தான். எஸ்.சி. பந்தை வெளியே எடுத்தார். அதன் சந்தனத்தைப் பார்த்துச் சிரித்தார். மீண்டும் கையை விட்டுத் துழாவியபோது, அவருடைய சிரிப்பு நின்றது. மஞ்சள் துணியில் கட்டிய ஒரு மூட்டை கையோடு வந்தது.

அந்தத் துணியை அகதா அறிவாள். சின்னத்தாயின் புடைவையில் கிழிந்த பகுதியைப் போன வாரம்தான் அவள் வெட்டிக்கொடுத்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் முடிச்சை அவிழ்த்தார். அவல். வெல்லம் கலந்த அவல். இரண்டு மணியை வாயில் போட்டு மென்றுவிட்டு, ஏதோ கேட்டார். அரிசிதான், இடித்துத் தட்டையாக்கியது, நெருப்பு வேண்டாம், தண்ணீரில் நனைத்தால் தின்னலாம் என்று எஸ்.சி. விளக்கினார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் நெருப்பில்லாமல், புகையில்லாமல் தின்னக்கூடிய அரிசி என்பதைவிடக் காட்டுக்குள் ஒளிந்திருப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? இன்ஸ்பெக்டரின் முகம் மாறியதைக் கூட்டம் முழுவதும் பார்த்தது.

"யாருடைய பை?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். பார்வை செல்லன்மேல் இருந்தது.

செல்லனின் உதடு அசைந்தது. கூட்டத்தின் ஓரத்தில் சின்னத்தாய் கையை உயர்த்தியவாறு ஓர் அடி முன்னால் வந்தாள். அவள் வாயைத் திறந்தால் அவளோடு முடியாது; மகனின் பழைய கோப்பைத் திறப்பார்கள்; கப்பல்தான். அகதாவுக்கு அது விளங்கிய அதே கணத்தில் மத்தியாஸுக்கும் விளங்கியிருக்கவேண்டும். அவர் லோரியிலிருந்து குதித்து இறங்கினார். சின்னத்தாயைப் பார்த்த பார்வையிலேயே அவளை நிறுத்தினார். பிறகு இன்ஸ்பெக்டரிடம் சென்றார்.

கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்திருந்த அகதாவுக்கு அவர் பேசிய ஆங்கிலம் முழுதும் புரிந்தது. பை செயலாளருடையது, அதில் எல்லாவற்றையும் வைத்தவன் நானே, இந்த ஆளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, இவன் வெறும் கூலி, தூக்கு என்றேன் தூக்கினான் என்றார். சுற்றி நின்றவர்களுக்கு அந்த நீண்ட பேச்சில் புரிந்த சொல் ஒன்றே ஒன்று: கூலி. செல்லன் அடிபட்டவன்போல் தலையைக் குனிந்துகொண்டான். ஆறு ஆண்டுகள் தோளோடு தோளாக ஆடிய கிராணி அவனை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அத்தோடு முடிந்திருந்தால், அடுப்பங்கரை அறியாத ஆண்பிள்ளையின் தவறு என்று துரை வந்து பேசியிருக்கக்கூடும். ஆனால் இன்ஸ்பெக்டர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் தைத்த இடம் ஏன் இவ்வளவு தடிப்பாக இருக்கிறது? இடுப்பிலிருந்து ஒரு கத்தியை எடுத்தார்.

அகதாவின் கையிலிருந்த சட்டைகள் நழுவின.

நீலத் துண்டை அவர் ஒரு முனையிலிருந்து அறுத்து உரித்தார். நார்த் ரோவர்ஸ் தொங்கிற்று. அடியில் காக்கி, ஆற்றங்கரைத் தோட்ட விளையாட்டு மன்றம். அதையும் அறுத்தார். அவள் எவ்வளவு பொடிப் பொடியாகத் தைத்திருந்தாளோ, அவ்வளவு நேரம் எடுத்தது. காக்கித் துண்டு விலகியபோது, வெயிலே படாமல் இருந்த சிவப்பு நூல் நேற்றுத் தைத்ததுபோல் ஒளிர்ந்தது. எஸ்.சி. அதை எழுத்துக் கூட்டி வாசித்து மொழிபெயர்த்தார்.

மத்தியாஸ் அந்த எழுத்துகளைப் பார்த்தார். பிறகு அகதாவைப் பார்த்தார். அவர் கண்களில் கோபம் இருக்கிறதா என்று அவள் தேடினாள். கண்டுகொள்ளுமுன் அவரை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

விசாரணை இன்றித் தடுப்புக் காவல் என்று ஒரு வாரத்தில் தாள் வந்தது. எத்தனை மாதம் என்று அதில் இல்லை. கிராணி வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று இன்னொரு தாள் வந்தது. நார்த் ரோவர்ஸின் அனுமதி ரத்து. அகதா தையல் இயந்திரத்தோடு கோலசிலாங்கூருக்கு வந்தாள். மீரா முகைதீன் தம் கடைக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார்.

"வாடகய அப்புறம் பாத்துக்கலாம், தங்கச்சி. அன்னிக்கு ஆட்டம் நடந்திருந்தா எப்படியும் தோத்திருப்பேன். அந்த மானத்தக் காப்பாத்துன மனுசன் ஒம்புருசன்."

ஒரு மாதம் கழித்து அவர் ஒரு யோசனையோடு வந்தார். தம் குழுவில் பாதிப்பேர் ஊருக்குக் கப்பலேறிவிட்டார்கள். தோட்டத்துப் பையன்களோ குழு இல்லாமல் நிற்கிறார்கள். தம் பெயரில், தம் ஜாமீனில், இரண்டையும் இணைத்து 'ஸ்டார் ரோவர்ஸ்' என்று பதிந்துகொள்ளலாம். "ஆனா கிராணி சம்மதிக்கணும். அவரு பெத்த புள்ளய அவரு இல்லாதப்ப நான் தத்தெடுத்துக்கக் கூடாது."

முகாமிலிருந்து மாதம் ஒரு கடிதம் எழுதலாம், ஒரு பக்கம், அதிகாரி வாசித்துத்தான் அனுப்புவார். குழுவைப் பற்றி வெளிப்படையாக எழுத முடியாது. பாய் உங்களை விசாரித்தார், பழைய துணி கேட்கிறார் என்று அகதா எழுதிப்போட்டாள். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. அதில் கடைசி வரி: 'பாய்க்குப் பதினொரு சட்டையையும் கொடுத்துவிடு. யாருக்கும் அளவு சரியாகவே இருக்கும்.'

அதை வாசித்துக் காட்டியபோது, மீரா முகைதீன் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். அகதா அந்தச் சட்டைகளில் நான்காவது பெயரைத் தைத்தாள். இம்முறை பழைய பெயரைப் பிரித்துவிட்டுத்தான் தைத்தாள்.

அந்த நாள்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னத்தாய் வந்தாள். பாஸ் வாங்கி, பஸ்ஸில் பாதி வழியும் நடையாகப் பாதி வழியும் வந்தவள், பட்டணத்துச் சந்தையில் வாங்கிய ஒரு பெட்டைக் கோழியோடு வாசலில் நின்றாள்.

"தாயி, சாமிக்கு வச்சது தாயி. அதப் போய் யாராச்சும் சாப்பாடுன்னு நெனப்பாங்களா? தம்பி பெரட்டுல வாசிச்சப்பல்லாம் நானும் கேட்டேன். அரிசி ஆவாது, சோறு ஆவாதுன்னாரு. பூசையில வச்சது அதுல சேரும்னு எனக்குத் தோணவே இல்ல தாயி."

அகதா நிலையில் கைவைத்து வழியை மறித்தவாறு நின்றாள். "ஒங்க புள்ள வீட்டுல இருக்கான். கோழிய அவனுக்கு ஆக்கிப் போடுங்க."

"ஒரு வாய் தண்ணி..."

"கடையில குடுப்பாங்க."

அதன்பிறகும் சின்னத்தாய் ஆறேழு முறை வந்தாள். ஒருமுறைகூட அகதா அவளை உள்ளே அழைக்கவில்லை. அவள் ஒருத்திமேல் எல்லாப் பழியையும் சுமத்தினால்தான், அந்தச் சிவப்பு நூலை நினைக்காமல் அகதாவால் உறங்க முடிந்தது.

1954ஆம் ஆண்டு ஆடி மாதம், இருபத்திரண்டு மாதங்கள் கழிந்து, மத்தியாஸ் திரும்பினார். மெலிந்திருந்தார், இருமல் கூடவே வந்திருந்தது. பட்டணத்தை விட்டு வெளியேறக்கூடாது, மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டை விட்டு இறங்கக்கூடாது, எந்த மன்றத்திலும் பொறுப்பு ஏற்கக்கூடாது, கூட்டம் சேரும் இடத்துக்குப் போகக்கூடாது என்று உத்தரவு. திடல் வீட்டிலிருந்து முந்நூறு கெஜம். ஸ்டார் ரோவர்ஸ் ஆடும் நாள்களில் அவர் சன்னலருகே அமர்ந்து ஆரவாரத்தை வைத்தே ஆட்டத்தைப் பார்த்தார். "இது செல்லன் புடிச்ச பந்து," என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

செல்லன் முதல் நாளே வந்து நின்றான்.

"கூலின்னு சொல்லிட்டேன்டா. மனசுல வச்சுக்காத," என்றார் மத்தியாஸ்.

"அண்ணே, அந்த ஒரு வார்த்தையாலதான் நான் இன்னும் இந்த மண்ணுல நிக்கிறேன். தெனமும் ஒருதடவ சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

அன்று பிற்பகல், அவன் போனபின், அகதா கேட்டேவிட்டாள். "அவலுக்காகவா, பேருக்காகவா, எதுக்காக இத்தன மாசம்?"

"அவலப் பத்தி மொத நாளு கேட்டாங்க. அதோட சரி. மிச்ச நாளெல்லாம் பேருதான். சங்கத்துல யாரு யாரு இருந்தா, இப்ப எங்க இருக்காங்கன்னு."

"நீங்க?"

"பத்துப் பேரு பேரச் சொன்னேன். சயாம்ல ரயிலு போட சப்பான்காரன் ஏத்திட்டுப்போயி, திரும்பி வராதவங்க பேரு. எழுதிக்கிட்டாங்க. அது தெரிஞ்சப்பதான் இன்னும் ஆறு மாசம் சேத்துப் போட்டாங்க." சிரிக்கப் போய் இருமினார்.

"அப்ப நாந்தான். நீங்க பிரிக்கச் சொன்னீங்க. நான் பிரிக்கல. மேல ஒட்டுப் போட்டு மூடிட்டேன். ஒங்க கிட்ட சொல்லவும் இல்ல."

"தெரியும்."

"என்னா தெரியும்?"

"நாப்பத்தெட்டுலயே தெரியும். கைல எடுத்ததுமே தடிப்பா இருந்துச்சே. பிரிக்கச் சொல்லி மறுபடி சொல்லியிருக்கலாம். சொல்லல. எத்தன பேரு மாத்துனாலும் அடியில அது இருக்குன்னு எனக்கு ஒரு..." அவர் முடிக்கவில்லை. "தைச்சது நீ. விட்டு வச்சது நான்."

அகதா அன்று அழுதாள், பாரம் குறைந்தது. ஆனால் சின்னத்தாய்மேல் வளர்த்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பழகிய கோபம் அது. காரணம் போனபின்னும் தங்கிவிட்டது. சின்னத்தாய் வந்தால் வாசலோடு பேச்சை முடித்தாள். நாளடைவில் சின்னத்தாய் வாசலுக்கே வருவதில்லை. எதிர்ச்சாரிக் கடைகளின் அஞ்சடி நடைபாதையில், தூணைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்பாள், சன்னலைப் பார்ப்பாள், போய்விடுவாள்.

நாடு சுதந்திரம் அடைந்த ஆண்டில் குழு இரண்டாம் பிரிவுக்கு ஏறியது. அஞ்சல் ஊழியர் குழுவொன்றும் அதில் வந்து சேர, 'கோலசிலாங்கூர் இந்தியர் பந்தாட்டக் கழகம்' என்று பெயர் நான்காம் முறையாக மாறியது. மத்தியாஸ்மீதிருந்த தடைகளை நீக்கினார்கள். திடலுக்கு அவரால் இரண்டு முறைதான் போக முடிந்தது. அதற்குள் இரண்டு நுரையீரலும் கெட்டுவிட்டன.

1959ஆம் ஆண்டு தை மாதம். குருவானவர் வந்து நோயில்பூசுதல் தந்துவிட்டுப் போயிருந்தார். பகல் பதினொரு மணி இருக்கும். கட்டிலைச் சன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள். மீரா முகைதீன் கொடுத்தனுப்பிய கஞ்சி, தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது. மத்தியாஸ் வெளியே எதையோ பார்த்தவாறே இருந்தார். அகதா குனிந்து அவர் பார்வை போன வழியே பார்த்தாள். எதிரே தூணருகே சின்னத்தாய், வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். எத்தனை நேரமாகவோ தெரியாது.

"என்ன வேணும்?" என்று அகதா கேட்டாள். "சாமியார மறுபடி கூப்பிடவா? செல்லனுக்கு ஆள் அனுப்பவா?"

அவர் தலையை அசைத்தார். அவர் மூச்சைத் திரட்டும்வரை அவள் காத்திருந்தாள். இரவு வருமுன் அவர் கண்மூடிவிட்டார். அதற்கு முன் வேறெதுவும் அவர் கேட்கவில்லை. பகலில் அவர் கேட்டது இதுதான்:

"அந்த அம்மாவ இனிமே வாசல்லயே நிக்க வச்சுப் பேசாத. உள்ள கூட்டியாந்து ஒக்கார வை, அகதா."